லோனாவாலாவில் வீடு, ஊரில் வேலை

ஜூலை மழையில் நனைந்து, சிக்கிப் பொட்டலத்தோடு வீடு திரும்பும் மும்பைவாசிகள் பலருக்கும் அந்த ஆசை எழும்: லோனாவாலாவிலேயே குடியேறிவிட்டால் என்ன?

புணேயில் வேலை என்றால் யோசிக்கலாம். தூரம் 64 கி.மீ. 1978 முதல் லோக்கல் ரயில் ஓடுகிறது. பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். ஆனால் மும்பை லோக்கலைப் போல அடுத்தடுத்து வண்டி வராது.

மும்பை விஷயமே வேறு. 128 கி.மீ. 1930இல் தொடங்கிய டெக்கான் குயின் காலை 8 மணிக்கு மேல் ஏற்றிக்கொண்டு, சுமார் 10.25க்குத்தான் சி.எஸ்.எம்.டி.யில் இறக்கிவிடும், மாலை 5.10க்குத் திரும்பிவிடும். இதற்கு ஒத்துவரும் முதலாளி வாய்க்க வேண்டும்! முந்தைய வண்டி வேண்டுமென்றால் விடியலிலேயே ஸ்டேஷனில் நிற்க வேண்டும். வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும்.

இடையில் போர் காட் மலைப்பாதை. 37 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்து. கர்ஜத்தில் பின்னால் கூடுதல் இன்ஜின்கள் மாட்டித் தள்ளினால்தான் வண்டி ஏறும். 2019 மழையில் தண்டவாளம் சேதமாகிப் பல நாட்கள் ரயில்கள் ரத்தாயின.

சுற்றுலாக்காரர் கொண்டாடும் அதே மாதங்களில்தான் உள்ளூர்வாசியின் துணி காய்வதில்லை, சுவரில் பூஞ்சை படர்கிறது. சனி, ஞாயிறுகளில் பூஷி அணைப் பக்கம் கார்கள் நகராது; காய்கறி வாங்கக்கூட வெள்ளிக்கிழமையே போய்வருவது உத்தமம்.

முன்பணம் கொடுக்குமுன் ஜூலையில் ஒரு வாரம் வாடகைக்கு இருந்து, அங்கிருந்தே வேலைக்குப் போய்ப் பார்க்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை என்றால் வாடகையில் பேரம் பேசவும் இடமுண்டு.