கடை வாசல் பலகை

டெக்சாஸில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பேரனோடு ஒரு மளிகைக் கடைக்குப் போனோம். வாசலில் ஒரு பலகை. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்து, 30.07 என்று சட்டப்பிரிவு எண். ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன். படிக்காமல் உள்ளே போக மனம் வரவில்லை.

உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி கொண்டுவரக் கூடாது என்று இருந்தது.

"மறைச்சு வெச்சிருந்தா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"அதுக்கு 30.06னு வேற பலகை இருக்கு மாமா. இங்க அதை வைக்கல."

ஆக, ஆளும் அதே, துப்பாக்கியும் அதே. சட்டை மூடியிருந்தால் வரலாம், தெரிந்தால் குற்றம். முன்பெல்லாம் அங்கே உரிமம் இருந்தாலும் மறைத்துத்தான் வைத்திருக்க வேண்டுமாம். 2016 ஜனவரி 1 முதல் உரிமக்காரர்கள் உறையில் போட்டு வெளிப்படையாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பிய பெரும்பாலோருக்கு உரிமமே வேண்டாம். வாசல் பலகையோ உரிமம் உள்ளவர்களைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது!

"உரிமம் இல்லாதவன் வந்தா?"

"அதுக்கு 30.05. இல்லேன்னா கடைக்காரங்க நேர்லயே வெளியே போகச் சொல்லணும். சொன்னா போயாகணும்."

கல்லாவில் இருந்தது இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண். இடுப்பில் துப்பாக்கியோடு நிற்பவனிடம் அந்தப் பிள்ளைதான் போய்ச் சொல்ல வேண்டுமா?

பேரன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அன்றைக்கு நான் காய்கறியைப் பார்த்ததைவிட மற்றவர்கள் சட்டையைப் பார்த்ததுதான் அதிகம்.