கையில் என்ன கட்டு?



திருமங்கலம் கல்யாணத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு "சார், கையில என்ன கட்டு?" என்று 20 பேருக்கு மேல் கேட்டுவிட்டீர்கள். சொல்லக் கூச்சமாக இருந்ததால் "வெந்நீர் பட்டுருச்சு" என்று பாதியோடு நிறுத்திக்கொண்டேன். மீதியையும் இங்கே எழுதிவிடுகிறேன். கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அக்னி நட்சத்திர நேரம். தேனியில் ஒரு புதுமனை புகுவிழா. நான், வீட்டம்மா, 78 வயது பெரியக்கா மூவரும் என் பழைய சின்ன காரில் போயிருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பினோம். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போதே டெம்பரேச்சர் முள் முக்கால்வாசியைத் தாண்டியது. இறக்கத்தில் கொஞ்சம் தணிந்தது. உசிலம்பட்டி வந்து பேரையூர் ரோட்டில் திரும்பிய பிறகு மறுபடி ஏறி, கடைசியில் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது.

"நிப்பாட்டுங்க, என்னமோ வாடை வருது" என்றார் வீட்டம்மா.

"இன்னும் ஆறேழு கிலோமீட்டர்தான. வீட்ல போய்ப் பாத்துக்கலாம்" என்றேன்.

கொஞ்ச தூரத்தில் முள் திடீரென்று கீழே விழுந்தது. "பாத்தியா, தானா சரியாயிருச்சு" என்று பெருமை வேறு. தண்ணீர் வற்றிப்போய் சென்சாரைத் தொடும் அளவுக்குக்கூட இல்லாததால்தான் முள் விழுந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த நிமிஷம் பானட் ஓரமெல்லாம் ஆவி. ஒரு வேப்பமரத்தடியில் ஒதுக்கினேன். ஒதுக்கியவன் சும்மா நின்றிருக்கலாம். தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்துப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். பாதி திருகுவதற்குள் மூடி தெறித்தது. மிச்சமிருந்த கொதிநீரும் ஆவியும் முன்கையில் அடித்தன. "தம்பி, தம்பி" என்று பதறி இறங்கி ஓடிவந்த அக்கா, வெயிலில் தலை கிறுகிறுத்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டது. கை எரிந்ததைவிட அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். அந்த வழியாக வந்த லோடு ஆட்டோக்காரர் ஒருவர் எங்கள் மூவரையும் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

இப்போது கூச்சமான பகுதி. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை கூடும் என்று 30 வருஷம் உங்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். 1679-இல் தெனி பாப்பேன் செய்த கொதிகலன், அதில் அவர் வைத்த பாதுகாப்பு வால்வு, நம் வீட்டுக் குக்கர் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். ரேடியேட்டர் மூடியும் அதே வால்வுதான். பெரும்பாலான மூடிகளில் 0.9 அல்லது 1.1 என்று அச்சடித்திருக்கும். வெளிக்காற்றைவிட அத்தனை மடங்கு கூடுதல் அழுத்தத்தை அது உள்ளே பிடித்து வைக்கிறது. அதனால் உள்ளே தண்ணீர் 115 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், அவ்வளவும் ஒரே நொடியில் கொதித்து மேலே பாயும். குக்கர் வெயிட்டைத் தூக்கித் திறக்கும் பையனை நான் எப்படித் திட்டியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

கல்லுப்பட்டியில் பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் வந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போனார். பெயர் போடக் கூடாது என்று கட்டளை. அவர் வேலை பார்த்த முறையைத்தான் சொல்ல வேண்டும். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கேள்வி கேட்டார்.

"நிக்கும்போது சூடாகுதா சார், ஓடும்போதா?"

யோசித்தேன். தேனி நெரிசலில் கால் மணி நேரம் நின்றபோது முள் அசையவில்லை. மேட்டில்தான் ஏறியது.

"அப்ப ஃபேன் இல்ல சார். ஃபேன் கெட்டிருந்தா நின்ன இடத்துலதான் சூடாகும். ஓடும்போது காத்தே ஃபேன் வேலையப் பாத்துரும். மேட்டுல இஞ்சினுக்குப் பாரம் கூடுது, அந்தச் சூட்டை ரேடியேட்டரால வெளிய தள்ள முடியல."

இதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ரெண்டு மாதம் முன்னால் இதே தொந்தரவுக்கு வேறொரு இடத்தில் ஃபேன் மோட்டாரை மாற்றியிருந்தார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்துவிட்டார்கள். தெர்மோஸ்டாட் என்பது 80-90 டிகிரி அளவில் திறக்கும் மெழுகு வால்வு. இஞ்சின் தேவையான சூட்டுக்குச் சீக்கிரம் வருவதற்காக வைத்தது. அது மூடியபடி சிக்கிக்கொண்டால் மாற்ற வேண்டியதுதான். சும்மா கழற்றிவிட்டால் இஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோலும் தேய்மானமும் கூடும். என் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்த கேள்வி: "அடிக்கடி தண்ணி ஊத்துவீங்களா?"

"வாரம் ஒரு சொம்பு."

"எந்தத் தண்ணி?"

"தோட்டத்து போர் தண்ணி."

ஒன்றும் சொல்லாமல் ரேடியேட்டரைக் கழற்றி, மேலே தண்ணீர் ஊற்றிக் காட்டினார். கீழே குழாய் மாதிரிக் கொட்ட வேண்டியது நூல் மாதிரி வடிந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் காரை. வெந்நீர் அண்டாவில் படியுமே, அதேதான். கடின நீரைச் சூடாக்கினால் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். அதுவும் நான் நடத்திய பாடம்தான்! ஒரே தண்ணீர் உள்ளேயே சுற்றினால் ஒரு தடவை படிவதோடு போகும். நான் வாராவாரம் புது உப்பு ஊட்டியிருக்கிறேன். மூடிய அமைப்பில் தண்ணீர் குறையவே கூடாது. ஏன் குறைகிறது என்று கேட்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தது முதல் தப்பு. கீழ் ஹோஸில் ஒரு கிளாம்ப் தளர்ந்து கசிந்திருக்கிறது. 30 ரூபாய் சாமான்.

பிறகு ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. அலுமினிய ஹெட்டும் சூட்டில் லேசாக வளைந்திருந்தது. அதை மதுரைக்கு அனுப்பி லேத்தில் சமன்படுத்தி, கேஸ்கெட், ரேடியேட்டர், புது தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். கணவாய் ஓரத்திலேயே நிறுத்தியிருந்தால் ரேடியேட்டர் செலவோடு போயிருக்கும். மீதியெல்லாம் அந்த ஆறேழு கிலோமீட்டருக்கு நான் கொடுத்த கட்டணம்.

கூலன்ட் விஷயத்திலும் திட்டு வாங்கினேன். "அது பனி நாட்டுக்காரனுக்கு, நமக்கெதுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அது உறைவதை மட்டுமா தடுக்கிறது? துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் ஏற்றும். கலந்தே விற்கும் கூலன்ட் வாங்கினால் தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை. ஒன்று மட்டும்: எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். பிள்ளைகள், நாய் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணையுங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் போடுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் இஞ்சின் சூடு கொஞ்சம் வெளியேறும். ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்தி இஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்து, கல்லு மாதிரி இருந்தால் இன்னும் பொறுங்கள். கொதிக்கிற இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், இரும்பு வெடித்துவிடும். வயசானவர்களை முதலில் நிழலில் உட்கார வையுங்கள்.

அக்கா நன்றாக இருக்கிறது. வண்டியில் ஏறச் சொன்னால் மட்டும் "முள்ளு எங்க தம்பி நிக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறது. கைக்கட்டு வெள்ளிக்கிழமை பிரிக்கிறார்கள், யாரும் பழம் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். ரேடியேட்டரிலிருந்து எடுத்த காரையை ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். ஆசிரியராக இருப்பவர்கள் யாருக்காவது வகுப்பில் காட்ட வேண்டும் என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.