மூலவரும் உற்சவரும்

தக்கலையில் வளரும் குழந்தைக்குக் கேள்விகளுக்குப் பஞ்சம் இராது. வாசலில் இறங்கி எந்தத் திசையில் நடந்தாலும் ஏதேனும் ஓர் அதிசயம் எதிர்ப்படும். அவ்வூரில் ஆறு வயது மகளின் கேள்விகளுக்கு விடை சொல்லும் பொறுப்பு ஓர் இளம் தந்தையிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதிகாலையில் இரணியல் நிலையத்தில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகிறவர் அவர். பகலெல்லாம் மகள் சேர்த்து வைத்த கேள்விகள், அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும்.

“இன்றைக்கு எத்தனை மக்ளே?” என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார்.

சில கேள்விகள் எளியவை. தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மட்டும் ஏன் மெதுவாக இருக்கிறது என்று ஒருநாள் கேட்டாள். முளை வெளியே வருவதற்கு அதுதான் வாசல் என்று சொன்னதும் திருப்தியடைந்தாள். சில கேள்விகள் அரசாங்கத்தையே தொட்டுவிடும். பத்மநாபபுரம் அரண்மனை நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும்போது, அதைக் கேரளத்துக்காரர்கள் ஏன் பார்த்துக்கொள்கிறார்கள்? 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்ததையும், அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே இருந்துவிட்டதையும் தந்தை பொறுமையாக விளக்கினார். “அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர் பெட்டி நம் வீட்டில் இருக்கிற மாதிரி” என்று அவள் முடித்துவிட்டாள். அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

கேரளபுரத்துப் பிள்ளையார் விஷயத்தில்தான் தந்தை திணறினார். ஆறு மாதம் வெண்மையாகவும் ஆறு மாதம் கருமையாகவும் காட்சி தருபவர் என்று புகழ்பெற்ற பிள்ளையார் அவர். “எந்த நாளில் மாறுவார்? ராத்திரியிலா, பகலிலா?” என்பது கேள்வி. திண்ணையில் சாய்ந்திருந்த பாட்டா அப்போது துணைக்கு வந்தார்.

“அறுபது வருஷமாகக் கும்பிடுகிறேன். மாறியிருக்கிறதைப் பார்த்திருக்கிறேன். மாறுகிறதைப் பார்த்ததில்லை. நீ வளர்வதும் அப்படித்தான்.”

விடியுமுன் வீட்டைவிட்டுப் போய், தூங்குகிற வேளைக்குச் சற்று முன்பாக மகளைக் காண்கிற ஒருவருக்கு அந்த விடை சற்று ஆழமாகவே பட்டிருக்க வேண்டும். அன்று அவர் வேறெதுவும் பேசவில்லை.

புரட்டாசியில் நவராத்திரித் திருவுலா வந்தது. சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரகோவிலிலிருந்து குமாரசுவாமியும் பத்மநாபபுரத்துக்கு எழுந்தருள, அரண்மனைத் தேவாரக்கெட்டின் சரசுவதி தேவியோடு மூவரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். கம்பர் வழிபட்ட தேவி அவள் என்பது வழிவழியாக வரும் செய்தி. உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாற்றித் தரப்பட்டபின், தேவி யானைமீதும் மற்றவர்கள் பல்லக்கிலும் கிளம்புவார்கள். முதல் நாள் தங்கல் குழித்துறையில், மறுநாள் நெய்யாற்றின்கரையில். களியக்காவிளை எல்லையில் இரு மாநிலக் காவலரும் நின்று மரியாதை செய்வார்கள். மூன்றாம் நாள் அனந்தபுரியை அடைந்ததும் தேவி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் கொலுவிருப்பார்கள்.

தந்தை ஒருநாள் விடுப்பெடுத்து, மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தில் நின்றார். யானை, நாகசுரம், வெயில், வியர்வை. இத்தனைக்கும் நடுவே கேள்விகள் நிற்கவில்லை. சாமிக்கும் சீசன் டிக்கெட் உண்டா? சாமி ஏன் அங்கேயே வீடு பார்த்துக்கொள்ளவில்லை?

முதல் கேள்விக்குச் சிரித்தவர், இரண்டாவதற்குச் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. தினமும் அலைய வேண்டாம், குடும்பத்தோடு திருவனந்தபுரத்துக்கே வந்துவிடுங்கள் என்று அலுவலகத்தில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கரமனைப் பக்கம் ஒரு வாடகை வீடும் பார்த்தாயிற்று. பள்ளிக்கூடம் அருகில். மனைவிக்கும் சம்மதம். பாட்டாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

மகளிடம் அவர் சரித்திரம் சொன்னார். தர்மராஜா என்று போற்றப்பட்ட கார்த்திகைத் திருநாள் மகாராஜா காலத்தில், 1795இல், தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசாங்கம் போயிற்று, அலுவல்கள் போயின, நவராத்திரி விழாவும் பின்னர் போயிற்று. தெய்வங்கள் மட்டும் குடிபெயரவில்லை. ஆண்டுதோறும் விழாவுக்குப் போய்விட்டுச் சொந்தக் கோயிலுக்கே திரும்பி வருகின்றன. சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் கடைசியில் சற்றுத் தணிந்தது. குழந்தைக்குச் சொல்லும் விடை சில சமயம் சொல்கிறவர் காதிலேயே விழுந்துவிடும்.

வீடு வந்ததும் அடுத்த கேள்வி. குமாரகோவிலில் முருகனுக்குப் பக்கத்தில் வள்ளி நிற்கிறாள். பல்லக்கில் குமாரசுவாமி மட்டும்தானே போனார்? வள்ளியை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை?

“வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. நாள்தோறும் கணவரை ரயிலுக்கு அனுப்பிவிட்டு நிற்கும் பெண்ணின் விடை அது. வேளிமலை வள்ளியின் பிறந்தகம் என்பது ஐதீகம். பங்குனித் திருக்கல்யாணத்தில் குறவர் படுகளம் நடக்கும் தலம். பிறந்த வீட்டைவிட்டுப் பத்து நாள்கூட நகர அவளுக்கு மனம் வராது என்று தந்தை சமாதானம் சொன்னார். பாட்டா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

“முருகனே போகவில்லையே! எட்டடிக்கு மேல் உயரமாக நிற்கிறாரே மூலவர், அவர் அசைவதே இல்லை. வள்ளியும் அவரும் அங்கேதான் இருக்கிறார்கள். வெளியூர் போய் வருகிறவர் உற்சவர். மூலவர் இருக்கிறார் என்கிற தைரியத்தில்தான் உற்சவர் ஊர் சுற்ற முடிகிறது.”

கொஞ்சம் நிறுத்தி, மகன் முகத்தைப் பாராமலே, “வீடு பார்த்திருக்கிறாயாமே?” என்றார்.

தக்கலையில் இரகசியம் தங்காது. ரயிலில் உடன் வருகிறவர்களில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மகன் எல்லாவற்றையும் சொன்னார். வாடகை, பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமை தோறும் மாலை ரயிலில் வந்துவிடலாம் என்கிற கணக்கு. பாட்டா முழுவதையும் கேட்டுவிட்டு, “போங்கள். நான் இருக்கிறேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறுமொழி சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் விஜயதசமிக்குள் முன்பணம் கேட்டிருக்கிறார். சாமி ஊர் திரும்பட்டும், சொல்கிறேன் என்று தந்தை தவணை வாங்கியிருக்கிறார். அதுவரைக்கும் இரணியல் ரயில்தான்.

இடையில் ஓரிரவு, மகள் பாட்டாவின் மடியில் ஏறி உட்கார்ந்து கேட்டாள்: “பாட்டா, நீங்கள் மூலவர் என்றால் உங்களுக்கு ஓர் உற்சவர் உண்டா? அவரை மட்டும் எங்களோடு அனுப்புவீர்களா?”

பாட்டா விழுந்து விழுந்து சிரித்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, நவராத்திரிக்குப் பத்து நாள் அனுப்பலாம் என்றார். பத்து நாள் போதாது என்று அவள் பேரம் பேசினாள். பதினைந்து வரை ஏறியது. அவள் தூங்கியபின் வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், உள்ளே வரும்போது மகனிடம் ஒன்று மட்டும் கேட்டார்.

“அந்த வீட்டில் கிணறு உண்டா?”