முதற்பாடம் நிற்பது



டொரொன்டோவின் குளிர்காலம் நீண்டது. வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் பிள்ளைகளுக்காக, வரும் சனிக்கிழமை பனிச்சறுக்கு நாளொன்றைத் திட்டமிட்டு வருகிறோம். பெருமலைகளை நாடவில்லை, மாநகராட்சி நடத்தும் ஏர்ல் பேல்ஸ் பூங்காவின் சிறு குன்றே எங்களுக்குப் போதும். எட்டு வயது மகளுக்கு ஆவல். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் மனைவிக்கோ அச்சம். அவ்வச்சத்தை மதித்தே ஆயத்தம் செய்கிறோம்.

கருவிகளை வாடகைக்கு எடுக்க நேரமாகும். ஆகவே முன்னதாகவே செல்வோம். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்து உடலைக் குளிரச் செய்யும், கம்பளியே உகந்தது. காலுறை ஒரு சோடி போதும். தலைக்கவசம் எல்லோருக்கும் வேண்டும்.

வாடகைக் கவுன்டரில் உயரம், எடை, வயது, அனுபவம் ஆகியவற்றைக் கேட்பார்கள். கூச்சத்தால் எடையைக் குறைத்தோ, பெருமைக்காக அனுபவத்தைக் கூட்டியோ சொல்லலாகாது. காலணியைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பூட்டை அவ்விவரங்களைக் கொண்டே அமைக்கிறார்கள். மிகத் தளர்ந்தால் அது வழியிலேயே கழன்றுவிடும். மிக இறுகினால் விழும்போது விடுபடாமல் காலை முறித்துவிடக்கூடும். பற்றிக்கொள்வதும் தக்க வேளையில் விட்டுவிடுவதும் அதன் பணி. அதற்கு நாம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

சறுக்கலில் முதற்பாடம் ஓடுவதன்று, நிற்பது. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்நுனிகளை அகற்றினால் வேகம் தணியும். நிற்கத் தெரிந்தவருக்குச் சரிவின்மேல் அச்சம் குறைகிறது. என் மனைவி அன்று இந்த ஒரு பாடத்தோடு திரும்பினாலும் அந்நாள் வீணன்று.

உங்கள் வீட்டில் அஞ்சுகிறவர் யாரோ, அவருடைய நடைக்கேற்ப உங்கள் நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.