பாட்டியம்மா விட்ட நோன்பு

ரமலான் மாதமானால், மாரியூர் மாணவியராகிய எங்களுக்கு இஸ்லாமியத் தோழியர் வீட்டு நோன்புக் கஞ்சி வந்துவிடும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால். பகலெல்லாம் தண்ணீரும் அருந்தாத வயிற்றுக்கு இதைவிட இதமானது ஏது? (கூட வரும் எண்ணெய் வடைக்கு அந்தப் பெருமை இல்லை!)

தவக்காலத்தில் ஒருசந்தி காக்கும் எங்கள் வீடுகளுக்கு, பசியடக்கி இறைவனை நினைப்பது புதிதன்று. ஆனால் தோழியின் பாட்டியம்மா நோன்பை விட்டதைக் கண்டுதான் நாங்கள் அதிகம் அறிந்தோம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர் அவர். பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் தடுத்ததும் அழுதாராம். குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 184ஆம் வசனம் நோயாளிக்கு விலக்களிக்கிறது. நோற்கவே இயலாதவர் நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும் என்று ஆலிம் எடுத்துச் சொன்ன பிறகே மனம் தேறினார். அந்த மாதம் முழுவதும் தினம் ஓர் ஏழைக்கு அவர் வீட்டில் சாப்பாடு. பரிமாறியவர் பாட்டியம்மாவேதான்.