உரியாவுக்கு வராத அகீக்காம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் நிற்பது எங்கள் சபைகளில் வழக்கம். அட்டைகளெல்லாம் ஏறக்குறைய ஒரே சாயல்தான்: நோய் வீட்டை அண்டாது, கால் இடறாது, கையிட்ட காரியம் வாய்க்கும். பாதி சங்கீதம் 91, பாதி உபாகமம் 28. இந்த உபாகம அதிகாரத்தில் 68 வசனங்கள் உண்டு. ஆசீர்வாதம் 14-ஆம் வசனத்தோடு முடிந்துவிடும், மிச்சமெல்லாம் சாபம். அந்தப் பகுதியிலிருந்து யாருக்கும் அட்டை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அட்டையைக் குறை சொல்லவில்லை, நானும் எடுக்கிறவன்தான். ஆனால் அது நம்மை அறியாமல் ஒரு கணக்கைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. கீழ்ப்படிந்தால் காப்பார், காப்பாற்றவில்லையென்றால் நீ எங்கோ கீழ்ப்படியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஜெபிக்க வருகிறவர், “அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். யோபுவின் சிநேகிதர்கள் போட்டதும் இதே கணக்கு. கடைசியில் அவர்களுக்காக யோபுதான் வேண்டுதல் செய்யவேண்டியிருந்தது.

எரேமியா புத்தகத்தில் இந்தக் கணக்கு செல்லாது. 26-ஆம் அதிகாரத்தின் முடிவில், பிரசங்கங்களில் அதிகம் அடிபடாத ஒருவர் வருகிறார். கீரியாத்யாரீம் ஊரைச் சேர்ந்த உரியா. எருசலேமுக்கு அழிவு வரும் என்று எரேமியா சொன்ன அதே செய்தியைத்தான் அவரும் சொன்னார். யோயாக்கீம் ராஜா கொல்லத் தேடியதும் எகிப்துக்கு ஓடினார். ராஜா ஆள் அனுப்பிப் பிடித்து வந்து, பட்டயத்தால் வெட்டி, உடலைச் சாதாரண ஜனங்களின் கல்லறையில் போடச் செய்தான். அடுத்த வசனத்திலேயே எரேமியா தப்புகிறார். சாப்பானின் மகன் அகீக்காம் அவருக்குத் துணை நின்றான். உரியாவுக்கு அப்படி ஓர் அகீக்காம் வரவில்லை. ஏன் என்று வேதம் சொல்லவில்லை.

ஓடியதால்தான் செத்தார் என்று சிலர் சமாளிப்பார்கள். யேசபேலுக்குப் பயந்து எலியாவும் ஓடினார். அதே யோயாக்கீம் பிடிக்க ஆள் அனுப்பியபோது எரேமியாவும் அவருடைய எழுத்தர் பாருக்கும் ஒளிந்துதான் இருந்தார்கள். அவர்களைக் கர்த்தரே மறைத்தார் என்கிறது 36-ஆம் அதிகாரம். ஓட்டத்தில் குற்றம் கண்டுபிடிப்பது நம் கணக்கைக் காப்பாற்றத்தான் உதவும்.

அப்படியானால் எல்லாம் தேவசித்தம், நாம் கீழ்ப்படிந்தாலென்ன, படியாவிட்டாலென்ன என்று விட்டுவிடலாமா? அதற்கும் இந்தப் புத்தகம் இடம் தராது. எருசலேம் பாபிலோன் கையில் விழும் என்பது முடிவான காரியம். ஆனாலும் சிதேக்கியா ராஜா எரேமியாவை ரகசியமாக அழைத்துக் கேட்டபோது, வாசல் திறந்தே இருந்தது: பாபிலோன் பிரபுக்களிடம் சரணடைந்தால் நீயும் பிழைப்பாய், உன் வீட்டாரும் பிழைப்பார்கள், நகரமும் எரியாது. ராஜா சொன்ன தடை விசித்திரமானது. ஏற்கெனவே பாபிலோனியர் பக்கம் போய்விட்ட யூதர்கள் தன்னைப் பரியாசம் பண்ணுவார்களாம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயந்தான். போகவில்லை. பாபிலோனியர் அவனைப் பிடித்து, ரிப்லாவில் பிள்ளைகளைக் கண்ணெதிரே வெட்டி, பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். நகரமும் எரிந்தது. கி.மு. 586 வாக்கில் இது நடந்தது. தேவனுடைய தீர்மானம் மாறாமலே, அதற்குள் ராஜாவின் ‘சரி’க்கும் ‘மாட்டேன்’ என்பதற்கும் அவ்வளவு இடம் இருந்தது.

அதே நகரத்தில், எரேமியாவைச் சேறு நிறைந்த துரவிலிருந்து தூக்கிவிட்ட எத்தியோப்பியன் எபெத்மெலேக்குக்கு, உன் உயிர் தப்பும் என்ற வாக்கு கிடைத்தது. கயிறு அக்குளை அறுக்காதபடி கந்தைத்துணிகளையும் சேர்த்து இறக்கிய மனிதன் அவன். வாக்குக்குக் காரணமாகச் சொல்லப்படுவது அந்த நல்ல செயல்கூட இல்லை. அவன் கர்த்தரை நம்பினான் என்பதே. அவனுக்குக் கிடைத்ததும் வீடோ பதவியோ அல்ல, உயிர் மட்டும்.

உயரத்திலிருந்து குதித்துப் பார், தூதர்கள் தாங்குவார்கள் என்று சங்கீதம் 91-ஐக் காட்டி இயேசுவிடம் பேரம் பேசியவன் பிசாசு. அவர் குதிக்கவில்லை. பின்னர் கெத்செமனேயில் பாத்திரம் நீங்கும்படி கேட்டார், நீங்கவில்லை, கீழ்ப்படிந்தார். முழுமையாகக் கீழ்ப்படிந்த ஒரே ஒருவருக்குக் கிடைத்தது சிலுவை என்றான பிறகு, பாதுகாப்பைக் கீழ்ப்படிதலுக்குக் கூலியாகக் கேட்க நமக்கு வாய் ஏது?

போதகர்களிடம் ஒரு விண்ணப்பம். சங்கீதம் 91-ஐப் பிரசங்கிக்கும் ஞாயிறன்று, எரேமியா 26-இன் கடைசி ஐந்து வசனங்களையும் சபையில் வாசிக்கச் செய்யுங்கள். கட்டிலில் கிடக்கிறவர்கள் வீட்டிலிருந்தும் யாராவது அன்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.