மாட்டுத்தாவணி டு அமெரிக்கா!

சிபாரிசுக் கடிதம் எழுதுவது எப்பேர்ப்பட்ட வேலை என்று ஆபீஸ் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மைத் தாண்டி ஒருத்தன் மேலே ஏறப் போகிறான் என்று தெரிந்தே, அவனுக்கு நாமே ஏணியைப் பிடிக்க வேண்டும். அதுவும் இங்கிலீஷில்!

சிம்மக்கல் டீக்கடையில்தான் தம்பி அந்தக் குண்டைப் போட்டான். தமிழ்ப் பேப்பர் ஒன்றில் நிருபர். வயசு 31.

"அண்ணே, அமெரிக்கா ஃபெல்லோஷிப் ஒண்ணுக்கு அப்ளை பண்றேன். ஆறு மாசம் அங்க ஒரு பத்திரிகை ஆபீஸ்ல வேலை. உங்க லெட்டர் ஒண்ணு வேணும்ணே."

"அதுக்கென்ன, குடுத்துட்டாப் போச்சு" என்றேன். வாயில் இருந்த வடை உள்ளே போக மறுத்தது.

ஒரு வாரம் ஆச்சு. கடிதம் 'டியர் ஸார்' என்ற இடத்திலேயே நின்றது. இங்கிலீஷ் பிரச்னை பாதி. மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 34 வயசில் நானும் இதேபோல் ஒரு பாரத்தை வாங்கி வைத்திருந்தேன். "ஆறு மாசம் லீவா? நீ போயிட்டா கவர்மென்ட் ஆஸ்பத்திரி நியூஸை யாருய்யா பாக்குறது?" என்றார்கள் ஆபீஸில். ஒப்புதல் கடிதம் வரவில்லை. வயசு வரம்பு 35. அடுத்த வருஷம் கதவு சாத்தியாச்சு. அப்புறம் நான் பார்த்த அதிகபட்ச வெளிநாடு, விருதுநகர்.

இந்த ஃபெல்லோஷிப் சமாசாரம் புதுசில்லை. மில்வாக்கி நகரத்துப் பத்திரிகை அதிபர் நீமன் என்பவரின் மனைவி, கணவர் நினைவாக விட்டுப்போன பணத்தில் ஹார்வர்டில் 1938-ல் ஆரம்பித்தது ஒன்று. முதலில் அமெரிக்க நிருபர்களுக்கு மட்டும். பிறகுதான் வெளிநாட்டுக்காரர்களுக்கும் இடம். ஹவாய் தீவில் 1967-ல் ஜெஃபர்சன் பெயரில் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டில் 1983-ல் ராய்ட்டர் பெயரில் ஒன்று. 'வாஷிங்டன் போஸ்ட்'டின் நிர்வாக ஆசிரியராக இருந்த ஆல்ஃபிரட் ஃப்ரெண்ட்லி ஆரம்பித்து வைத்ததில், 1984-லிருந்து வளரும் நாட்டு இளம் நிருபர்களை அமெரிக்கப் பத்திரிகை ஆபீஸ்களிலேயே உட்கார வைத்து வேலை வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான கேட் ஒன்று உண்டு. அதன் பெயர் இங்கிலீஷ். தமிழில் பொளந்து கட்டுகிற நம்ம ஊர் நிருபர்கள் பாதிப் பேர் அந்த கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள்.

தம்பி கழற்றவில்லை. டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு பாரம் முழுக்க நிரப்பியிருந்தான். கடைசிக் கேள்விதான் இடித்தது. 'உங்கள் பகுதியில் எங்கள் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி எது?' மீனாட்சியம்மன் கோயில், மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா என்று எழுதியிருந்தான்.

"டேய், இதை டூரிஸ்ட் கைடே சொல்வான். ஞாயித்துக்கிழமை கிளம்பு" என்றேன்.

மாட்டுத்தாவணியில் ராமநாதபுரம் பஸ். ஜன்னல் ஸீட் எனக்கு, சீனியாரிட்டி! சிலைமான் தாண்டியதும் கீழடிக்குத் திரும்பும் ரோடு. "இதை எழுதவாண்ணே?" என்றான். "2015-லேர்ந்து உலகமே எழுதுதுடா" என்றேன். திருப்புவனம், மானாமதுரை... பச்சை குறைந்துகொண்டே வந்து, சீமைக் கருவேலம் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டது. கூடவே வருகிற வைகை பெரும்பாலும் கடலுக்குப் போய்ச் சேருவதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி. எனக்கு அந்த ஆற்றின் மேல் ஒரு தனிப் பாசம். காரணம் உங்களுக்கே புரியும்.

போகிற வழியில் தம்பிக்கு சாய்நாத் கதையைச் சொன்னேன். 1993-ல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' கொடுத்த ஃபெல்லோஷிப் அவருக்குக் கிடைத்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு போனது ஐந்து மாநிலங்களில் உள்ள பரம ஏழை மாவட்டங்களுக்கு. தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும். பதினாறு வகை வண்டிகளில் ஏறி இறங்கி, நடந்தே 5,000 கிலோமீட்டர் போய், 84 கட்டுரைகள் எழுதினார். 1996-ல் புத்தகமாக வந்தது. 2007-ல் மகசேசே விருது. ராமநாதபுரத்து மிளகாய் விவசாயிகளைத் தரகர்கள் கடனால் கட்டிப்போட்டிருந்த கதையும் அதில் உண்டு.

"ஃபெல்லோஷிப் வாங்கிட்டு இந்தப் பொட்டலுக்கா வந்தாரு?" என்றான் தம்பி.

பரமக்குடி தாண்டி ஒரு கிராமத்தில் இறங்கினோம். ரோட்டோரக் களத்தில் செக்கச்செவேலென்று மிளகாய். இந்த ஊர் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அறுபது வயசு இருக்கும் ஓர் அம்மா, வெயிலில் குனிந்து தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ரெண்டே நிமிஷத்தில் தும்மல். தம்பி அசையவில்லை. அவர் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஆத்தா, இதை யாருக்குப் போடுவீக?"

அவர் பேசவில்லை. தம்பியும் அடுத்த கேள்விக்குத் தாவவில்லை. சும்மா கூடவே மிளகாயைத் தள்ளிவிட ஆரம்பித்தான். நானாக இருந்தால் அதற்குள் நாலு கேள்வி கேட்டிருப்பேன்; நாலுக்கும் ஒற்றை வரியில் பதில் வாங்கியிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். "யாருக்குப் போடுறது... உரத்துக்கும் மருந்துக்கும் அவருட்டதானப்பா பணம் வாங்குனோம். அவருக்குத்தான் போடணும். வெலயும் அவரு சொல்றதுதான்."

முப்பது வருஷத்துக்கு முந்தைய புத்தகம், களத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. முக்கால் மணி நேரம் பேசினார். கிளம்பும்போது அவர் எங்களைப் பேட்டி எடுத்தார்.

"நீங்க எந்தப் பேப்பரு?"

தம்பி சொன்னான்.

"அதுல போட்டா வெல ஏறுமாப்பா?"

ரெண்டு நிருபர்கள், ரெண்டு பேர் சர்வீஸும் சேர்த்தால் நாற்பது வருஷம் தேறும். ஒருத்தருக்கும் பதில் வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், மானாமதுரைக்கு முன்னால் தம்பியின் பேனாவை வாங்கிக் கடிதத்தை எழுதி முடித்தேன், தமிழில். முதல் வரி: 'இந்தப் பையன் ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பான். எனக்கு இது வரவில்லை.' இதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது? சிபாரிசு பெறுகிறவனிடமே கேட்க முடியுமா! காலேஜ் வாத்தியார் நண்பர் ஒருத்தர் ரெண்டு காபிக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தார்.

பாரத்தில் கோயில், மல்லிகை, ஜிகர்தண்டா மூன்றையும் தம்பி அடித்துவிட்டான். கடைசிக் கேள்விக்கு அந்த அம்மாவின் கேள்வியையே பதிலாக எழுதி அனுப்பியிருக்கிறான். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

மிளகாய்ச் செய்தி மட்டும் அவன் பேப்பரில் நாலாம் பக்கத்தில் வந்துவிட்டது. விலை ஏறவில்லை. நேற்று சாயங்காலம் அதே டீக்கடையில் அந்தப் பேப்பரை மடித்துக் கையில் வைத்திருந்தான்.

"ஞாயித்துக்கிழமை போய் அந்த ஆத்தாட்ட குடுத்துட்டு வரணும்ணே. வாரீகளா?"

போகிறேன். இந்தத் தடவை ஜன்னல் ஸீட் அவனுக்கு.